பதினெட்டு செகண்டு

சார், தப்பா நெனைக்காதீங்க. ஆஸ்த்மா மருந்த வாயில வெச்சி இழுத்தீங்களே, அது சரியில்ல. அமுக்கினதும் உள்ள இழுக்கணும். இழுத்துட்டு பத்து எண்ற வரைக்கும் மூச்ச வெளிய விடக் கூடாது. நீங்க ரெண்டு எண்றதுக்குள்ள விட்டுட்டீங்க. மருந்து பூரா காத்துல போச்சி. கோவிச்சிக்காதீங்க, எனுக்கு இது வியாதி. யாராச்சும் வாயில ஒன்ன வெச்சி தப்பா மூச்சு விட்டா என் கை சும்மா இருக்காது. பதினஞ்சு வருஷம் அதத்தான் சொல்லிக் குடுத்தேன், சுரங்கத்துல.

அந்தப் பைதான, கால அது மேலயே வெச்சிக்கோங்க, பரவால்ல. உள்ள ஆறு டப்பா இருக்கு. வெடிக்கற சாமான் ஒன்னும் இல்ல. என் சாமான், நானே செஞ்சது.

என் பேரு பொன்னுரங்கம். இதே தங்கவயல்ல பொறந்தவன். பதினெட்டு வயசுல கேஜ்ல, அதான் சுரங்கத்து லிப்ட்டு, ஏறி கீழ எறங்கினேன். ரெண்டாயிரத்து ஒன்னுல தங்கச் சுரங்கத்த மூடினாங்களா, மூடினதும் எங்க ஆளுங்க பாதிப் பேரு இதே ரயில் ஏறி பெங்களூருல வாட்ச்மேன் வேலைக்குப் போனான். நாங்க கொஞ்சப் பேரு வடக்க ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனோம். பூமிக்குக் கீழ வேலை செஞ்சவனுக்கு மேல வேலை ஓடாது சார். நானு, எத்திராஜு, மாசிலாமணி, இன்னும் ஏழெட்டு பேரு. எத்திராஜுன்னா யாரு? சுரங்கக் குடியிருப்புல எனுக்கு அடுத்த லைன் வீடு. ஒன்னாப் பள்ளிக்கூடம் போனோம், ஒன்னாப் பள்ளிக்கூடத்த விட்டோம். என் கல்யாணத்துக்கு அவன்தான் மாப்பிள்ளத் தோழன். முப்பது வருஷம் ஒரே டிபன் கேரியர்ல தின்னவனுங்க. இத மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க.

நிலக்கரி, தங்கம் மாதிரி இல்ல. கரி பத்திக்கும். பத்துச்சின்னா நெருப்பு வந்து கொல்றதுக்கு முன்னாடி பொக வந்து கொன்னுடும். அதுக்குத்தான் இடுப்புல ஒரு டப்பா கட்டி அனுப்புவான். செல்ஃப் ரெஸ்க்யூவர்னு பேரு. நாங்க மூச்சு டப்பான்னுவோம். மூடியப் பிச்சி, ரப்பரு வாயப் பல்லால கடிச்சி, மூக்குல கிளிப்பு மாட்டிக்கினா, உள்ள இருக்கற மருந்து காத்து குடுக்கும். அரை மணி நேரத்துக்கு வரும். அரை மணி இருந்தா பொகைய தாண்டி வெளிய வந்துடலாம். ஆனா ஒரு தடவ தொறந்தா அந்த டப்பா தீந்துது. தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால நெஜ டப்பாவ வெச்சி யாரும் பழக முடியாது. பழகறதுக்குன்னே ஒரு டம்மி டப்பா வெளிநாட்டுலேந்து வரும். அது வெலைக்கு எங்க லைன்ல ஒரு வீட்டுக்குப் புதுசா கூரையே போட்டுடலாம். கம்பெனி ஒரே ஒன்னு வாங்கி, ட்ரெய்னிங் ரூம்ல கண்ணாடி பீரோக்குள்ள வெச்சி பூட்டிட்டான். சாமி செல மாதிரி பாத்துட்டு வரலாம், தொட முடியாது. மத்தபடி சுவத்துல ஒரு படம். குச்சி வெச்சி படத்தக் காட்டுவாங்க, கையெழுத்து வாங்குவாங்க, ட்ரெய்னிங் முடிஞ்சிது.

எனுக்கு அங்க இன்ஸ்ட்ரக்டர் வேலை குடுத்தாங்க. மொத நாளே எனுக்குப் பத்திக்கினு வந்துச்சி. நீச்சல படம் பாத்துக் கத்துக்க முடியுமா சார்? ஸ்டோர்ல தேதி முடிஞ்ச டப்பாங்க மூட்ட மூட்டையா கெடந்துச்சி. கேட்டு வாங்கினேன். மருந்த எடுக்க வெச்சி, கழுவி, காய வெச்சி, புது ரப்பரு வாய் மாட்டி, முப்பது டம்மி டப்பா நானே செஞ்சேன். ஒருத்தனுக்கு ஒரு தடவ பழக்க ஆகற செலவு ஒரு டீக் காசுதான். இந்த நாட்டுல எவனும் செய்யாதத செஞ்சேன்னு சொல்ல மாட்டேன், ஆனா நான் பாத்து எவனும் செய்யல.

இதுல ஒரு விஷயம் இருக்கு. நெஜ டப்பாவுல காத்து எப்பிடி வரும்னு எனுக்குத் தெரியும். தேதி முடியற டப்பா ஒன்ன நானே தொறந்து போட்டுப் பாத்தேன். அய்யோ சார்! காத்து கொதிக்குது. நாக்கு வெந்துடற மாதிரி. அதுவும் தாராளமா வராது, வாய்ல துணிய அடச்சிட்டு இழுக்கற மாதிரி இருக்கும். இது கெட்டுப் போன டப்பா, வீசிடுன்னு மனசு சொல்லும். என் கை போச்சி சார், புடுங்கறதுக்கு. என் கையே! ஆனா அந்தச் சூடுதான் டப்பா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சூடு வரலன்னாதான் பயப்படணும். இது அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்.

அதனால என் டம்மிக்குள்ள மிலிட்டரி கம்பளிய வட்டமா வெட்டி நாலு போட்டேன். இழுத்தா மூச்சு முட்டும். கிளாஸுக்கு முன்னாடி டப்பாவ வெந்நீர்ல போட்டு எடுப்பேன், காத்து சுடச்சுட வரும். மொத பேட்ச் அப்பிடித்தான் பழகிச்சி. எத்திராஜு அந்த பேட்ச்சு.

இன்னா ஆச்சின்னு நெனைக்கிறீங்க? ஒருத்தன் வாந்தி எடுத்தான். ஒருத்தன் டப்பாவ என் மேலயே வீசினான். எத்திராஜு, என் எத்திராஜு, கிளாஸ் நடுவுல எழுந்து நின்னு, "டேய் மச்சான், எங்களுக்குச் சொல்லிக் குடுக்கறியா, சாவடிக்கறியா?"ன்னு கத்தறான். எல்லாரும் சிரிக்கிறானுங்க. அடுத்த வாரம் கிளாஸுக்கு முப்பது பேரு வர வேண்டிய எடத்துல ஒம்போது பேரு வந்தானுங்க. மேனேஜரு கூப்ட்டு, நூத்துக்கு நூறு ஆளு ட்ரெய்னிங் முடிச்சதாக் கணக்கு காட்டணும், நீ ஆளுங்கள வெரட்டறியான்னு கேட்டாரு. அன்னிக்கி சாயந்திரம் எத்திராஜு என் வூட்டுக்கு வந்தான். தோள்ல கை போட்டுக்கினு சொல்றான்: "கம்பளிய எடுத்துடு மச்சான். ஆளுங்க வரட்டும், மாட்டிக் கழட்டப் பழகட்டும். சூடா வரும்னு வாயால சொல்லிடு, போதும். நாங்க பாத்துக்கறோம்."

கேட்டுக்கோங்க சார். எடுக்கச் சொன்னது அவன்.

எடுத்தேன். வெந்நீரையும் விட்டுட்டேன். அப்பால பாருங்க கிளாஸ! திருவிழா மாதிரி கூட்டம். கண்ணக் கட்டி விடுவேன், லைட்ட அணைச்சிடுவேன், ஸ்டாப் வாட்ச்ச அமுக்குவேன். யாரு சீக்கிரம் மாட்றான்னு போட்டி. ஆளுக்கு ஆளு நாப்பது செகண்டு, அம்பது செகண்டு ஆகும். மாசிலாமணி பதினெட்டு செகண்டு. பதினெட்டு! சுரங்கக் கூரைக்கு மரம் முட்டு குடுக்கற வேலை அவனுக்கு, வெரலு ஒவ்வொன்னும் வாழக்கா மாதிரி இருக்கும், ஆனா டப்பாவத் தொட்டான்னா ஜேப்படிக்காரன் மாதிரி. கண்ணக் கட்டியும் பதினெட்டு. இடது கையால மட்டும் போட்டு இருவத்தி ரெண்டு. அவன முன்னாடி நிக்க வெச்சி, பாருங்கடா, இவன மாதிரி போடணும்னு எல்லா பேட்ச்சுக்கும் காட்டுவேன். அவனும் கழட்டிட்டு, "ஜோரா இருக்கு மாஸ்டர், ஃபேன் காத்து மாதிரி வருது"ன்னு சிரிப்பான்.

கம்பெனி எனுக்கு ஷீல்டு குடுத்துச்சி. சுரங்கப் பாதுகாப்பு வாரத்துல, மேடையில. நூத்துக்கு நூறு ட்ரெய்னிங். மால போட்டது யாரு? எத்திராஜு. அந்த போட்டோ இன்னும் வூட்டுல இருக்கு, இப்ப சுவத்துப் பக்கம் திருப்பி வெச்சிருக்கேன்.

டீ சாப்பிடறீங்களா? பங்காரப்பேட்டை டீ நல்லா இருக்கும். வேணாமா, சரி.

நாலு வருஷம் முன்னாடி, மார்ச்சு மாசம். பெல்ட்டு சார், கரி ஏத்திக்கினு வர்ற ரப்பரு பெல்ட்டு. உருளை ஒன்னு இறுகிப் போயி, பெல்ட்டு தேஞ்சி சூடாயி பத்திக்கிச்சி. அந்தப் பக்கம் பன்னெண்டு பேரு, எத்திராஜும் அதுல ஒருத்தன். பகல் ஷிப்ட்டு, பதினோரு மணி. பொக மட்டுந்தான் வந்துச்சி, நெருப்பு அவங்க கிட்ட வரவே இல்ல. பன்னெண்டு பேரும் டப்பாவ மாட்டினாங்க. பதினோரு பேரு நடந்து வெளிய வந்தாங்க. அந்தப் பதினோரு பேரும் யாரால வந்தாங்க? எவனாச்சும் சொன்னானா? எவனும் சொல்லல.

வராதது மாசிலாமணி.

அவன் மாட்டாம இல்ல சார். அவன்தான் மொதல்ல மாட்டியிருப்பான். பதினெட்டு செகண்டுலதான் மாட்டியிருப்பான், அதுல எனுக்குச் சந்தேகமே இல்ல. அப்பால அந்த டப்பாவ எடுத்து சோதிச்சிப் பாத்தாங்க. நல்ல டப்பா. உள்ள இன்னும் இருவத்தஞ்சு நிமிஷத்துக்குக் காத்து இருந்துச்சாம். பக்கத்துல, தரையில கெடந்துச்சாம். இதுல டப்பா மேல இன்னா தப்பு, என் மேல இன்னா தப்பு? அவன் அவசரக்காரன். பாவம், நல்லவன், எனுக்கு அவன்னா உசுரு, ஆனா அவசரக்காரன். சூடா வரும்னு நான் சொல்லியிருக்கேன். பாடம் நாலு, கடைசி வரி. என் நோட்டுலயே இருக்கு. ஒவ்வொரு பேட்ச்சுக்கும் மணி அடிக்கறதுக்கு முன்னாடி அத வாசிச்சிருக்கேன். நான் சொன்னேனா இல்லியா? சொன்னேன்.

விசாரணை வெச்சாங்க. பெரிய ஆபீசருங்க வந்தாங்க. அதுக்கு மொத நாளு எத்திராஜு குவார்ட்டர்ஸுக்கு வந்தான். உக்காரல. நின்னுக்கினே, "மச்சான், நாளைக்கி என்னக் கேப்பாங்க. எனக்கு முன்னாடி நீயே சொல்லிடு. கம்பளி விஷயத்த நீயே சொல்லிட்டா உன் மரியாத நிக்கும்"னான். நான் கேட்டேன், "எதுக்குடா சொல்லணும்? கம்பளி எந்த ரூல்ல இருக்கு? டம்மியே எந்த ரூல்ல இருக்கு?"ன்னு. "நீ சொல்லலன்னா நான் சொல்லுவேன் மச்சான்"னான். போடான்னேன். அவன் சொல்ல மாட்டான்னு நெனச்சேன் சார். முப்பது வருஷம் சார். நம்ம எத்திராஜு, கடைசி நேரத்துல வாய மூடிக்குவான்னு நெனச்சேன்.

மறுநாளு ஹால்ல நான் மூணாவது வரிசை. அவன் தலையத் தூக்கவே இல்ல, மேசையப் பாத்துக்கினே பேசறான். "அய்யா, மாசிலாமணி எனக்கு முன்னாடியே போட்டான். போட்டுட்டு அம்பது அடி நடந்தான். அப்பால நின்னுட்டான். நெருப்பா வருதுன்னு கையால வாயக் காட்றான். காத்து வரலன்னு தலைய ஆட்றான். நான் அவன் கையப் புடிச்சேன். கைய உதறிட்டு டப்பாவ வாய்லேந்து புடுங்கிட்டான். 'கெட்ட டப்பாடா மச்சான்'னு ஒரு வார்த்தை பேசினான். ரெண்டாவது வார்த்தை பேசல."

ஆபீசரு கேக்கறாரு: "உன் டப்பாவும் அப்பிடித்தான வந்திருக்கும்? நீ ஏன் கழட்டல?"

சொல்றான் சார், என் எத்திராஜு சொல்றான்: "நான் மொத பேட்ச்சுங்க. பொன்னுரங்கம் கம்பளி போட்டு, வெந்நீர்ல வெச்சி எனக்குப் பழக்கினான். அப்ப முட்டின மாதிரியே முட்டுச்சி, அதனால நல்ல டப்பான்னு தெரிஞ்சிது. மாசிலாமணி பழகினது கம்பளி எடுத்த டப்பாவுல. அவனுக்கு ஃபேன் காத்துதான் தெரியும்."

முதுகுல குத்தறதுன்னு சொல்லுவாங்களே, அது நெஜமாவே முதுகுலதான் வலிக்கும் சார், இங்க, தோள்பட்டைக்கு நடுவுல. நம்ப வெச்சிக் கழுத்தறுத்துட்டான். எடுக்கச் சொன்னவனே எடுத்துட்டான்னு சாட்சி சொல்றான்! எடுக்கச் சொன்னது தான்தான்னு அவன் சொன்னானா? சொன்னான்னு வெச்சிக்கோங்க. கடைசில சொன்னான். "எடுன்னு கேட்டது நான்தாங்க, என்னையும் எழுதிக்கோங்க"ன்னு அழுதான். அழுதா இன்னா? அவனுக்கு வேலை போகல. எழுதினது என் பேரத்தான். ட்ரெய்னிங் குறைபாடுன்னு ரிப்போர்ட்டு. பெல்ட்டு உருளைய மாத்தாதவன் பேரு எங்கியோ பதினேழாவது பக்கத்துல இருக்கு. என் இன்ஸ்ட்ரக்டர் சீட்டக் கிழிச்சிட்டாங்க. ஷீல்டு குடுத்தவனுங்க ஒருத்தன் கூட போன் எடுக்கல. கூரை மேல ஏத்தி விட்டு ஏணிய எடுத்துக்கினானுங்க எல்லாரும்.

தங்கவயலுக்கே திரும்பி வந்துட்டேன். அவனும் ரிட்டயரு ஆயி வந்துட்டான். அடுத்த லைன் வூடு. தண்ணி புடிக்கப் போனா அவன் நிப்பான். நான் கொடத்தத் தூக்கிக்கினு திரும்பிடுவேன்.

ஒரு விஷயம் சொல்றேன், இதக் கேட்டா உங்களுக்கே புரியும். மாசிலாமணி சம்சாரம் ரோஸ்லின், அந்தம்மா இங்கதான் இருக்குது, கான்வென்ட்டுல சமையல். போன வருஷம் ஒரு ஞாயித்துக்கிழம மாதா கோயில் முடிஞ்சி நேரா என் வூட்டுக்கு வந்துச்சி. திட்டப் போவுதுன்னு நெனச்சேன். திட்டல. "அண்ணே, அவரு பழகின டப்பா உங்க கிட்ட இருக்குதா? நான் ஒரு தடவ பாக்கணும்"னுச்சி. எடுத்துக் குடுத்தேன். எப்பிடிப் போடறதுன்னு கேட்டுச்சி. சொல்லிக் குடுத்தேன். நாற்காலில உக்காந்து, கண்ண மூடிக்கினு, வாயில வெச்சி இழுத்துச்சி. ரொம்ப நேரம். அஞ்சு நிமிஷம் இருக்கும். நல்லாவே மூச்சு விட்டுச்சி, சரியா பல்லக் கடிச்சிக்கினு, ஒரு தப்பு இல்ல. அப்பால எடுத்துட்டு, முந்தானையால தொடச்சி, என் கையில குடுத்துச்சி. "இவ்ளோ ஈசியாவா இருந்துச்சி அண்ணே?"ன்னு கேட்டுச்சி.

பாத்தீங்களா! தாலி அறுத்தவ வாயாலயே வந்துச்சி. என் டப்பாவுல எவனுக்கும் மூச்சு முட்டலன்னு. ஆமாம்மான்னேன். எழுந்து போயிடுச்சி. காபி போடச் சொல்லியிருந்தேன், அதுக்குக் கூட நிக்கல. அதுலேந்து தெருவுல பாத்தா அந்தப் பக்கம் திரும்பிக்கிது. ஏன்னு தெரியல. எத்திராஜு ஏதாச்சும் சொல்லி வெச்சிருப்பான்.

இந்தப் பையில இன்னா இருக்குன்னு கேட்டீங்கல்ல. இன்னிக்கி எனுக்கு நல்ல நாளு சார். பெங்களூருல பூமிக்கடியில டனல் தோண்டறான்ல, அதுல ஒரு காண்ட்ராக்ட்டரு. எண்ணூறு கூலி ஆளுங்க, பீகாரு, ஒடிசா. ட்ரெய்னிங் குடுத்தே ஆவணும்னு சட்டம் வந்துடுச்சாம், கம்மி செலவுல முடியணும். எவனோ என் பேரச் சொல்லியிருக்கான். பதினோரு மணிக்கு வரச் சொன்னாரு. புடிச்சிதுன்னா நூறு டப்பா செய்யச் சொல்லுவாரு, என்னையே மாஸ்டரா வெச்சிக்குவாரு. நாலு வருஷம் கழிச்சி பொன்னுரங்கம் மாஸ்டர்னு ஒருத்தன் கூப்புடுவான். அது போதும் எனுக்கு. இந்தப் பேரு எனுக்குத் திரும்பி வரலன்னா நான் இருந்து இன்னா பிரயோஜனம்?

இது எப்பிடியோ எத்திராஜு காதுக்குப் போயிடுச்சி. நேத்து அவன் பொண்ணு வந்து ஒரு பொட்டலத்தக் குடுத்துட்டு ஓடிடுச்சி. பிரிச்சிப் பாக்கறேன், கம்பளி. மிலிட்டரி கம்பளி, வட்டம் வட்டமா, சரியான அளவுக்கு வெட்டி. எண்ணிப் பாத்தேன், இருவத்தி நாலு. ஆறு டப்பாவுக்கு நாலு நாலு. ஒரு சீட்டு இல்ல, ஒரு எழுத்து இல்ல. இன்னா திமிரு பாருங்க! இன்னும் என்னக் குத்தணும் அவனுக்கு. அடுப்புல போடத்தான் போனேன். அப்பால நல்ல கம்பளியாச்சேன்னு வெச்சிக்கினேன். பாருங்க, தோ, ரெண்டு ரெண்டு டப்பாவுக்கு நடுவுல சொருகியிருக்கேன். ஒன்னோட ஒன்னு இடிச்சி சத்தம் போடாம வருது.

ஏன் சார் அப்பிடிப் பாக்கறீங்க?

உள்ள போட்டா இன்னாவா? போடலாம் சார். யாரு வேணான்னது? ஆனா இன்னிக்கி மொத நாளு. காண்ட்ராக்ட்டரு வாயில வெச்சிப் பாப்பாரு. மொத மூச்சே முட்டுச்சின்னா எவன் வாங்குவான்? வேலை கெடைக்கட்டும். ஆளுங்க வந்து பழகட்டும். சூடா வரும்னு நான் வாயால சொல்லிடப் போறேன். மத்தது அப்பால பாத்துக்கலாம்.

ஓய்ட்ஃபீல்டு தாண்டிடுச்சா? இன்னும் நேரம் இருக்கு. நீங்களே சொல்லுங்க சார், படிச்சவரா இருக்கீங்க, உங்களுக்கு மூச்சுக் கஷ்டம் வேற இருக்கு, உங்கள மாதிரி ஒருத்தரு சொன்னா அது நெஜமான சர்ட்டிபிகேட்டு. இந்தாங்க. டெட்டால் போட்டுத் தொடச்சிட்டேன். பல்லால கடிங்க. ஒதட்ட மூடிக்கோங்க. மூக்குக்கு கிளிப்பு வேணாம், கையால புடிச்சிக்கோங்க. ம், இழுங்க. பயப்படாதீங்க, நல்லா இழுங்க.

இன்னா? வாயில வெச்சிக்கினு பேசாதீங்க சார். வாய எடுத்தா செத்தான், அதுதான் மொத பாடம்.

சரி, எடுத்துட்டு சொல்லுங்க. இன்னா, இவ்ளோ ஈசியா இருக்குதேன்னா?

ஆமா சார். அந்தம்மாவும் இதையேதான் கேட்டுச்சி.